முதல் கீழ்நிலை மொழி எது? 9310 சொற்களை எண்ணும் ஒரு சி நிரலின் நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

பைத்தானில் ஓரளவு எழுதத் தெரிந்த ஒருவர், நினைவகத்தை நேரடியாகக் கையாளும் மொழி ஒன்றை முதன்முறையாகக் கற்க விரும்புகிறார். தமிழ்நாட்டில் 12-ஆம் வகுப்பில் கணினி அறிவியல் படித்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். லிஸ்டும் டிக்‌ஷனரியும் அவர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் லிஸ்ட் வளரும்போது உள்ளே என்ன நடக்கிறது, டிக்‌ஷனரி ஒரு சொல்லை எப்படி அவ்வளவு விரைவாகத் தேடி எடுக்கிறது என்பது தெரியாது. எந்த மொழியில் தொடங்கலாம், எப்படிக் கற்கலாம் என்பதை ஒரே ஒரு நிரலை வைத்து இங்கே ஆராய்கிறோம்.

நிரலின் வேலை எளியது. திருக்குறள் மூலத்தைப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வருவதை மேலே வைத்து அச்சிட வேண்டும். பைத்தானில் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். திருக்குறளைத் தேர்ந்ததற்குக் காரணம், விடையைச் சரிபார்க்க முடியும் என்பதே. 1330 குறள், குறளுக்கு 7 சீர், ஆக மொத்தம் 9310. அதிகாரத் தலைப்பு, குறள் எண், நிறுத்தக்குறி எல்லாவற்றையும் நீக்கிய கோப்பு வேண்டும். படிக்க வசதியாகச் சொற்களைப் பிரித்துப் போட்ட பதிப்பாக இருந்தால் கூட்டுத்தொகை மாறும். சீர் சீராக இடைவெளி விட்ட பதிப்பையே எடுக்க வேண்டும். நிரல் 9310 என்று சொல்லாவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது.

ஏன் சி?

இன்று இந்தக் கேள்விக்கு உண்மையான போட்டியாளர்கள் இரண்டு பேர்தான்: சி, ரஸ்ட். கோ மொழி நல்ல மொழி, ஆனால் பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் அதிலேயே இருக்கிறது. கற்க வந்த விஷயத்தை அது மறைத்துவிடும். ஜிக் மொழி இன்னும் 1.0 பதிப்பை எட்டவில்லை. பதிப்புக்குப் பதிப்பு மாறும் மொழியில், பிழை தன்னுடையதா மொழி மாறியதால் வந்ததா என்று புதியவரால் பிரித்தறிய முடியாது. சி++ மிகப் பெரியது. ஒரு சரத்தைச் சேமிக்கவே அதில் மூன்று நான்கு வழிகள் உண்டு; எதை எப்போது எடுப்பது என்று தெரிந்துகொள்வதற்குள் ஆறு மாதம் போய்விடும். கணினிக் கட்டளைகளுக்கு மிக நெருக்கமான அசெம்பிளியை எழுதிக் கற்பதைவிட, சி நிரலைக் கம்பைலர் (நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் கருவி) எப்படி மாற்றுகிறது என்று அவ்வப்போது வாசித்துப் பார்ப்பது இந்தக் கட்டத்துக்குப் போதும்.

ரஸ்டை அப்படித் தள்ளிவிட முடியாது. 2015 மே மாதம் 1.0 வந்த அந்த மொழிக்கு, 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் 6.1-இல் முதல்கட்ட ஆதரவு சேர்ந்தது. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் அடையாளம் காணப்படும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகளிலிருந்தே வருகின்றன என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. அந்த வகைப் பிழைகளில் பெரும்பகுதியை நிரல் ஓடும் முன்பே ரஸ்ட் கம்பைலர் தடுத்துவிடுகிறது. பிறர் பயன்படுத்தப்போகும் நிரலை மூன்று மாதத்தில் எழுதித் தர வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர் நேராக ரஸ்டுக்கே போகலாம்.

மற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை சி. ரஸ்டின் விதிகள் யாவும் சில கேள்விகளுக்கான பதில்கள். இந்த நினைவகம் யாருடையது, யார் விடுவிப்பது, இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதை இடம் மாற்றலாமா? கேள்வியைச் சந்திக்காதவருக்குப் பதில் தொல்லையாகத் தெரியும். கம்பைலர் மறுத்தவுடன் கண்ட இடத்தில் எல்லாம் நகல் எடுத்துத் தப்பிக்கப் பார்ப்பார், மொழியைக் கற்கமாட்டார். சி-யில் அந்தக் கேள்விகளை இரண்டு மாதத்தில் நேருக்கு நேர் சந்தித்துவிடலாம், ஏனென்றால் மொழி சிறியது. ஆனால் ஒரு கட்டாய நிபந்தனை உண்டு. கீழே சொல்லும் சோதனைக் கருவிகள் இல்லாமல் சி-யைக் கற்கக் கூடாது. கருவியில்லாத சி, தவறான நிரலையும் சரியானதுபோல் ஓட்டிக்காட்டும்.

கருவிகளும் அமைப்பும்

இந்தியக் கல்லூரிகள் பலவற்றின் ஆய்வகங்களில் இன்னும் டர்போ சி++ நீலத்திரை ஓடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் டாஸ் கணினிகளுக்காக வந்த கருவி அது. அதில் முழு எண் 16 பிட். 32767-க்கு மேல் போனால் எதிர்மறையாகிவிடும். யூனிகோட் தமிழை அந்தத் திரையில் பார்க்கவே முடியாது. தேர்வுக்காக அதில் எழுத வேண்டியிருந்தால் எழுதலாம், கற்பதற்கு வேண்டாம்.

லினக்ஸில் ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலர் போதும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-ஐ நிறுவி, அதற்குள் உபுண்டு வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸுக்கென மிங்ஜிடபிள்யூ வழியாக வரும் ஜிசிசி-யில் நமக்கு வேண்டிய முகவரிச் சோதனை (அட்ரஸ் சானிடைசர்) கிடைக்காது. கம்பைலருக்கு நான்கு விருப்பங்களை எப்போதும் கொடுக்க வேண்டும்: எச்சரிக்கைகளுக்கு 'டபிள்யூ-ஆல்', 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா', நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்கும் டீபக்கருக்கு 'ஜி', ஓடும்போது சோதிக்க அட்ரஸ் சானிடைசரும் (தவறான நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும்) அன்டிஃபைன்ட் சானிடைசரும் (மொழி வரையறுக்காத செயல்களைப் பிடிக்கும்) சேர்ந்த விருப்பம். இவற்றை ஒரு மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகளைக் குறித்துவைக்கும் கோப்பு) முதல் நாளே எழுதி வைத்துவிட்டால் தினமும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

அட்ரஸ் சானிடைசர் முதல் பிழையிலேயே நிரலை நிறுத்தி நீண்ட அறிக்கை தரும். புதியவர்கள் மிரள்வது இதைப் பார்த்துத்தான். அதில் மூன்றை மட்டும் தேடினால் போதும். முதல் வரியில் பிழையின் வகை இருக்கும். அடுத்து, எந்தக் கோப்பில் எந்த வரி தவறான இடத்தைத் தொட்டது என்பது. அதற்குக் கீழே, அந்த நினைவகம் எந்த வரியில் ஒதுக்கப்பட்டது, விடுவித்திருந்தால் எங்கே விடுவிக்கப்பட்டது என்பது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டும் நல்ல கருவிதான், ஆனால் ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் உள்மாறிகள் இருக்கும் இடம்) உள்ள அரேயின் (அளவு மாறாத வரிசை) எல்லை மீறலை அது பிடிக்காது. இந்த நிரலின் முதல் பிழையே அங்கேதான் வரப்போகிறது. விடுவிக்க மறந்த நினைவகத்தைக் காட்டும் கசிவுச் சோதனை லினக்ஸில் தானாகவே சேர்ந்து வரும். ஆப்பிள் தரும் கம்பைலரில் அது இல்லை என்பதால் மேக் வைத்திருப்பவர்கள் 'லீக்ஸ்' என்ற தனிக்கருவியை ஓட்ட வேண்டும்.

முதல் வடிவம்: சொற்களைப் பிரித்து எண்ணுவது

தொடக்கத்தில் சேமிப்பு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பைட்டாகப் படித்து, இடைவெளி வரும்வரை ஒரு அரேயில் சேர்த்து, சொல் முடிந்ததும் எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும். முப்பது வரி நிரல். சி-யின் அடிப்படைப் பொறிகளில் பாதி இதிலேயே காத்திருக்கிறது.

யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு நீளம் 5, சி-யின் நீளம் காணும் ஃபங்ஷனுக்கு 15. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட். புதியவர் பெரும்பாலும் அரேக்கு 32 என்று அளவு வைப்பார். ஆங்கிலச் சொல்லுக்கு அது தாராளம். முதல் குறளின் மூன்றாம் சீர் 'எழுத்தெல்லாம்'. 13 குறியீடு, 39 பைட், முடிவைக் காட்டும் சுழியோடு 40. நிரல் மூன்றாவது சொல்லிலேயே எல்லையைத் தாண்டுகிறது.

சானிடைசர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கம்பைலர் பக்கத்தில் எதை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடுத்த இடத்தில் எண்ணிக்கை மாறி இருந்தால் அது சத்தமில்லாமல் மாறும். ஃபங்ஷன் முடியும் நேரத்தில் ஸ்டாக் சிதைந்தது என்று நிரல் விழலாம். ஆனால் விழும் இடம் தவறு நடந்த இடமாக இருக்காது. சானிடைசர் இருந்தால் எழுதிய வரியின் எண்ணே கிடைக்கும். இரண்டு முறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும், வித்தியாசத்தை வேறு எப்படியும் உணர முடியாது.

அரேயை 256 ஆக்கிவிட்டுக் கடந்து செல்லக் கூடாது. எழுதும் முன் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். 32 பைட் அரேயில் 31-ஓடு வெட்டினால் 10 குறியீடும் ஒரு அனாதைப் பைட்டும் மிஞ்சும். அச்சிட்டால் சொல்லின் முடிவில் கேள்விக்குறி போட்ட கட்டம் தெரியும். இதனால்தான் வெட்டுவது தீர்வாகாது, வளரும் இடம் வேண்டும் என்ற தேவை எழுகிறது.

அடுத்த பொறி, எழுத்தைப் படிக்கும் ஃபங்ஷனின் விடையைச் சிறிய எழுத்து வகையில் வைப்பது. அந்த ஃபங்ஷன் கோப்பு முடிந்தால் −1 தரும் என்பதால் விடையை முழு எண்ணில்தான் வாங்க வேண்டும். இன்டெல் வகைக் கணினியில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. அங்கே எழுத்து வகை எதிர்மறை எண்களையும் ஏற்கும். யூடிஎஃப்-8 கோப்பில் 255 என்ற பைட் ஒருபோதும் வராது என்பதால் குழப்பமும் வராது. அதே நிரலை லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பையில் ஓட்டினால், எழுத்து வகை அங்கே எதிர்மறையை ஏற்காததால் −1 என்பது 255 ஆகி, நிரல் முடிவே இல்லாமல் சுற்றும்.

இடைவெளியா என்று சோதிக்கும் ஃபங்ஷனிலும் இதே சிக்கலின் மறுபக்கம் இருக்கிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224. இன்டெல்லில் அது −32 ஆகிவிடும். அந்தச் சோதனை ஃபங்ஷனுக்கு எதிர்மறை எண் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மொழி உறுதி சொல்வதில்லை. கொடுக்கும் முன் எதிர்மறையை ஏற்காத குறியில்லா வகைக்கு மாற்ற வேண்டும். ஆங்கிலக் கோப்போடு மட்டும் சோதிப்பவருக்கு இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் தெரியாமல் போகலாம்.

இத்தனையும் திருத்தியபின் விடை 9309 என்று வந்தால் காரணம் ஒன்றுதான். இடைவெளியைக் கண்டபோது மட்டும் சொல்லை எண்ணுகிறோம்; கோப்பு புதுவரிக் குறியின்றி முடிந்தால் கடைசிச் சொல் எண்ணப்படாது. சுற்று முடிந்தபின் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஜிடிபி டீபக்கரைத் தொட்டுவிட வேண்டும். 'அகர' படித்து முடித்த இடத்தில் நிறுத்தி, அரேயின் பத்து பைட்டையும் எண்களாகக் காட்டச் சொன்னால் 224 174 133, 224 174 149, 224 174 176, பிறகு 0 என்று தெரியும். சரம் என்பது உண்மையில் எப்படிக் கிடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் காட்டாது.

இரண்டாம் வடிவம்: வளரும் பட்டியல்

இப்போது ஒவ்வொரு சொல்லையும் எண்ணிக்கையோடு சேமிக்க வேண்டும். ஒரு பாயிண்டரும் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) ஒரு முழு எண்ணும் சேர்ந்த ஸ்ட்ரக்ட் (பல மாறிகளின் தொகுப்பு). 64 பிட் கணினியில் 8, 4, இடைநிரப்பல் 4, மொத்தம் 16 பைட்.

முதல் முயற்சியில் பலருக்குப் பட்டியல் முழுக்க ஒரே சொல் வரும். படிக்கும் அரேயின் முகவரியையே ஒவ்வொரு இடத்திலும் சேமித்ததால், எல்லாம் கடைசியாகப் படித்த சொல்லைக் காட்டுகின்றன. ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் மல்லாக் மூலம் தனி இடம் வாங்கி நகலெடுக்க வேண்டும்.

அந்த இடத்தின் அளவில் முடிவுச் சுழிக்கான 1-ஐ மறப்பது அடுத்த தவறு. இது எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். லினக்ஸின் வழக்கமான நூலகத்தில், 15 பைட் கேட்டாலும் பயன்படுத்தக்கூடிய இடமாகக் குறைந்தது 24 பைட் கிடைக்கும். 'பகவன்' 15 பைட். சுழி 16-ஆவது இடத்தில் பத்திரமாக விழும். 'முதற்றே' 21, அதுவும் தப்பும். இரண்டாம் குறளின் நான்காம் சீர் 'வாலறிவன்', எட்டுக் குறியீடு, சரியாக 24 பைட். அதன் சுழி 25-ஆவது பைட்டில் விழுந்து, பக்கத்துத் துண்டின் அளவைக் குறித்துவைத்த இடத்தை அழிக்கிறது. அப்போதும் நிரல் உடனே விழாது. எங்கோ பின்னால், சம்பந்தமே இல்லாத ஒரு மல்லாக் அழைப்பில் நினைவகம் சிதைந்ததாகச் சொல்லி நிற்கும். முதல் குறளை மட்டும் வைத்துச் சோதித்தவர் இதைக் கண்டிருக்க மாட்டார். சானிடைசரோ 'அகர'விலேயே, ஒன்பது பைட்டுக்கு ஒன்பது மட்டும் கேட்ட முதல் சொல்லிலேயே பிடித்துவிடும்.

பட்டியல் நிரம்பும்போது ரீஅல்லாக் மூலம் இரட்டிப்பாக்க வேண்டும். ஒவ்வொன்றாக வளர்த்தால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் நகலெடுக்க நேரலாம். ரீஅல்லாக்கின் விடையைப் பழைய பாயிண்டரிலேயே நேராக வைத்துவிடவும் கூடாது. இடம் கிடைக்காமல் வெற்றுப் பாயிண்டர் திரும்பினால் பழைய பட்டியலின் முகவரி தொலைந்துபோகும்.

இந்த நிரல் கற்றுத்தரும் மிக முக்கியமான பாடம் அடுத்து வருகிறது. இதுவரை அதிகம் வந்த சொல் எது என்று ஒரு பாயிண்டரில் பிடித்துவைத்திருக்கிறோம். அது பட்டியலின் ஓர் உறுப்பைக் காட்டுகிறது. பட்டியல் வளர்கிறது. பட்டியலுக்கு அடுத்த இடங்களில் சொற்களின் நகல்கள் உட்கார்ந்திருப்பதால் அது இருந்த இடத்திலேயே நீள வழியில்லை. வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டு, பழைய இடம் விடுவிக்கப்படுகிறது. நம் பாயிண்டர் இன்னும் பழைய இடத்தையே காட்டுகிறது. விடுவித்த இடத்தில் பழைய எண்கள் அழியாமல் கிடப்பதால் விடை பல நேரம் சரிபோலவே தெரியும். தொடக்கக் கொள்ளளவு 64 என்று வைத்து ஐந்து குறளில் சோதித்தால் 35 சொல். பட்டியல் நகரவே நகராது, பிழை வெளிப்படவும் செய்யாது. ஆகவே சோதிக்கும்போது தொடக்கக் கொள்ளளவை 1 என்று வைக்க வேண்டும். தீர்வு, பாயிண்டருக்குப் பதில் உறுப்பின் வரிசை எண்ணைச் சேமிப்பது.

வரிசைப்படுத்த நூலகத்தின் கியூசார்ட் ஃபங்ஷன் போதும். சம எண்ணிக்கை வந்தால் சொற்களை ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கருவிக்குக் கருவி வரிசை மாறலாம். பைட் ஒப்பீடு தமிழ் அகரவரிசையைத் தராது என்பதையும் இங்கே காணலாம்: யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்தே இருக்கிறது.

மூன்றாம் வடிவம்: ஹேஷ் டேபிள்

ஒவ்வொரு சொல்லுக்கும் பட்டியல் முழுவதையும் தேடினால் அதிகபட்சம் சுமார் 4.3 கோடி ஒப்பீடுகள். இன்றைய கணினிக்கு அது சுமையே இல்லை. சொல்லிலிருந்தே அதன் அறை எண்ணைக் கணக்கிடும் ஹேஷ் டேபிளை இங்கே எழுதுவது டிக்‌ஷனரியின் உள்ளே பார்ப்பதற்காக.

சொல்லின் முதல் பைட்டை வைத்து அறை ஒதுக்கும் எளிய முறை ஆங்கிலத்தில் ஓரளவு வேலை செய்யும். தமிழில் எல்லாச் சொல்லுக்கும் முதல் பைட் 224. எல்லாம் ஒரே அறையில் குவியும்; விடை சரியாக வரும், டேபிள் எழுதியதன் பயன் மட்டும் கிடைக்காது. 5381-இல் தொடங்கி, ஒவ்வொரு பைட்டுக்கும் 33-ஆல் பெருக்கி அந்தப் பைட்டைக் கூட்டி, இறுதியில் அறைகளின் எண்ணிக்கையால் வகுத்த மீதியை அறை எண்ணாக்கும் பழைய முறை போதுமானது. ஆனால் அதைச் சாதாரண முழு எண்ணில் எழுதினால் நான்காவது பைட்டிலேயே 214 கோடி என்ற எல்லையைத் தாண்டும். சி-யில் குறியுள்ள எண் இப்படி வழிந்தால் விளைவு வரையறுக்கப்படவில்லை; நடைமுறையில் எதிர்மறையாகி, வகுத்த மீதியும் எதிர்மறையாகி, அரேக்கு முன்னால் உள்ள இடத்தைத் தொடும். குறியில்லா 32 பிட் எண்ணையே பயன்படுத்த வேண்டும். அன்டிஃபைன்ட் சானிடைசர் இந்த வரியை நேராகச் சுட்டிக்காட்டும்.

முடிவில் எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும். டேபிளை முதலில் விடுவித்துவிட்டுச் சொற்களைத் தேடினால் முகவரிகள் போயிருக்கும். உள்ளிருந்து வெளியே வர வேண்டும். கசிவு அறிக்கை வெறுமையாக இருப்பதும் மொத்தம் 9310 என்று வருவதும் சேர்ந்தால்தான் இந்த வடிவம் முடிந்தது.

நீளத்தை நம்புவதன் ஆபத்துக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்ப்ளீட் குறையில், எதிர்முனை சொன்ன நீளத்தை, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் சரிபார்க்காமல் நம்பி அவ்வளவு பைட்டையும் நகலெடுத்து அனுப்பியது. ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியேற முடிந்தது. மூன்று வடிவங்களையும் எழுதி முடித்தவர் அந்தக் குறையின் திருத்தத்தை வாசித்தால், ஓர் எல்லைச் சோதனை விடுபட்டிருந்தது என்பதைத் தாமாகவே கண்டுகொள்வார்.

அதே நிரல் ரஸ்டில்

தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மேற்கண்டவற்றுக்கு எட்டு முதல் பத்து வாரம் வைத்துக்கொள்ளலாம். அதில் பாதியை இரண்டாம் வடிவத்துக்கே கொடுக்க வேண்டும். ரஸ்டுக்குப் போகத் தயாரா என்பதற்கு ஒரு சோதனை: மல்லாக், ரீஅல்லாக் வரும் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும், அந்த இடம் யாருடையது, எந்த வரியில் விடுவிக்கப்படுகிறது என்று நிரலை ஓட்டாமலே எழுத முடிய வேண்டும்.

ரஸ்டில் இதே நிரலை எழுதும்போது நூலகத்தில் உள்ள ஹேஷ் டேபிளான ஹேஷ்மேப்பை எடுத்துக்கொள்ளலாம். அதோடு நிறுத்தாமல், சி-யில் செய்த ரீஅல்லாக் தவறை வேண்டுமென்றே எழுதிப் பார்க்க வேண்டும்: வெக்டரின் (ரஸ்டின் வளரும் பட்டியல்) ஓர் உறுப்பைச் சுட்டும் பார்வையை வைத்துக்கொண்டு புதிய உறுப்பைச் சேர்த்துவிட்டு, பழைய பார்வையை மறுபடி பயன்படுத்துவது. கம்பைலர் 0502 என்ற பிழை எண்ணோடு மறுக்கும். சி-யில் இரண்டு வாரம் எடுத்துப் புரிந்த விஷயம் இங்கே ஒரு வாக்கியமாக வருகிறது. ரஸ்டின் சரமும் பாயிண்டர், நீளம், கொள்ளளவு என்ற மூன்றும் சேர்ந்த 24 பைட்தான். சி-யில் வளரும் சரத்துக்காகக் கையால் கட்டிய அதே அமைப்பு. சரத்தைக் குறியீட்டின் நடுவில் வெட்டினால் அனாதைப் பைட் மிஞ்சாது, நிரலே நின்றுவிடும்.

ரஸ்ட் தீர்க்காதவையும் உண்டு. பழைய நோட்பேடில் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் கொண்ட மறைகுறி இருந்தால், அது முதல் சொல்லோடு ஒட்டி அந்த 'அகர'வை வேறு சொல்லாக்கும். ரஸ்டும் அதை இடைவெளியாகக் கருதாது. ஒகர உயிர்மெய்களில் இன்னொரு சிக்கல். 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக் குறியுமாக 6 பைட்டில் எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் எனப் பிரித்து 9 பைட்டிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடும் எந்த நிரலும் அவற்றை இரண்டு சொல்லாகவே எண்ணும். மொத்தம் 9310 என்று சரியாக வரும், தனிச்சொற்களின் எண்ணிக்கை மட்டும் கூடும். பல மூலங்களிலிருந்து ஒட்டிய கோப்பாக இருந்தால், படிக்கும்போதே எகரக் குறியும் காலும் அடுத்தடுத்து வந்தால் ஒகரக் குறியாகவும், ஏகாரக் குறியும் காலும் வந்தால் ஓகாரக் குறியாகவும் மாற்றும் ஒரு ஃபங்ஷனைச் சேர்க்க வேண்டும். சி-யில் இருபது வரிக்குள் முடியும். 9 பைட் 6 ஆகச் சுருங்குவதால் அதே இடத்திலேயே திருத்தி எழுதலாம், புதிதாக இடம் ஒதுக்க வேண்டியதில்லை.